விலாவில் பட்ட அடியும் சிறுநீரகமும்

பைக்கிலிருந்து விழுந்தவர், வெளிக்காயம் பெரிதாக இல்லை என்று வீட்டுக்குப் போய்விட்டு, மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவதைக் கண்டு பதறி வருவதை அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்திருக்கிறேன். கடைசி இரண்டு விலா எலும்புகளும் முதுகுத் தசைகளும் கொழுப்பும் சூழ்ந்து காத்தாலும், ஹேண்டில்பார் இடுப்புக்கு மேலே பலமாகக் குத்தினாலோ உயரத்திலிருந்து விழுந்தாலோ சிறுநீரகம் கிழியக்கூடும். சிறுநீரில் ரத்தம் இல்லை என்பதற்காகத் தயவுசெய்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தக்குழாயே சேதமடைந்த மிகக் கடுமையான காயத்திலும் சிறுநீர் தெளிவாகவே இருக்கலாம்.

ரத்த அழுத்தம் நிலையாக இருப்பவருக்கு, படத்தில் உறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் மருந்தைக் கை ரத்தக்குழாயில் செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுத்து, சிறுநீர் கசிகிறதா என்று அறியச் சில நிமிடங்கள் கழித்து மீண்டும் படமெடுத்து, காயத்தை 1 (லேசானது) முதல் 5 (மிகக் கடுமையானது) வரை தரம் பிரிக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. படுக்கையில் ஓய்வெடுக்க வைத்து, ஹீமோகுளோபினை அடிக்கடி பரிசோதித்து, ஒவ்வொரு வேளைச் சிறுநீரையும் சிறு குப்பியில் பிடித்து வரிசையாக வைத்து, சிவப்பு மங்குகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே பல நாள் வேலை. ரத்தக்கசிவு நிற்காவிட்டால் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கசியும் நாளத்தை அடைக்கிறார்கள்; சிறுநீர்க் கசிவு நீடித்தால், சிறுநீர் தடையின்றி சிறுநீர்ப்பைக்கு வடிய ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைக்கிறார்கள். எவ்வளவு ரத்தம் ஏற்றியும் அழுத்தம் சரிந்துகொண்டே போகிறவரைத்தான் உடனே அறுவை அரங்குக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே சிலருக்குச் சிறுநீரகத்தையே அகற்ற நேர்கிறது. வீடு திரும்பிய பிறகும் ரத்த அழுத்தத்தைப் பரிசோதித்து வர வேண்டும், ஏனெனில் மாதங்கள் கழித்தும் அது உயரலாம்.