பிங்க் கட்டம், முதுகில் ஒரு வட்டம்: 1964 பீபா கவுன் இதுவரை

வட்டம் உட்கார்ந்துவிட்டது! விளிம்பு எழும்பவில்லை, உள்பட்டி (விளிம்பை மடித்துப் பிடிக்க உள்ளே வைக்கும் துணி) வெளியே தெரியவில்லை, ஒரு சுருக்கம் இல்லை. கழுத்துக்குக் கீழே முதுகின் நடுவில் நாலேகால் இன்ச் வட்டம். அதைச் சுற்றி ஓடும் பிங்க் கட்டங்களில் ஒரு வரிகூட வளையவில்லை. கவுன் இன்னும் முடியவில்லை. கீழ் ஓரம் அடிக்க வேண்டும், ஸ்கார்ஃபுக்குத் துணியே வெட்டவில்லை. இருந்தாலும் இந்த வட்டத்துக்காகவே இன்றைக்கு எழுதியாக வேண்டும்.

எந்தக் கவுனைப் பார்த்துத் தைக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1964 மே மாதம் லண்டன் 'டெய்லி மிரர்' நாளிதழில் ஒரு கவுன் படம் வந்தது. கையில்லாத, இடுப்பில் பிடிக்காமல் நேராக இறங்கும் பிங்க் கட்டம் போட்ட கவுன். முதுகில் வட்டமாக ஒரு திறப்பு. அதே துணியில் முக்கோண ஸ்கார்ஃப். இரண்டும் சேர்த்து 25 ஷில்லிங், அதாவது ஒன்றேகால் பவுண்டு. பணம் அனுப்பினால் தபாலில் வீட்டுக்கு வரும். மறுநாளே 4,000 ஆர்டருக்கு மேல் வந்தது. கடைசியில் ஏறத்தாழ 17,000.

வடிவமைத்தவர் பார்பரா ஹுலானிக்கி. வார்சாவில் பிறந்தவர். தூதரக அதிகாரியான தந்தை 1948ல் ஜெருசலேமில் கொல்லப்பட்ட பிறகு குடும்பம் இங்கிலாந்துக்கு வந்தது. பிரைட்டனில் ஓவியம் படித்து, பத்திரிகைகளுக்கு ஃபேஷன் படம் வரைந்து சம்பாதித்தவர். வருடக்கணக்கில் அடுத்தவர் தைத்த உடைகளை வரைந்தவர், கணவர் ஸ்டீபன் ஃபிட்ஸ்-சைமனோடு சேர்ந்து தபால்வழி வியாபாரம் ஒன்றைத் தொடங்கினார். தங்கையின் செல்லப் பெயர் பீபா. அதுவே கடைக்கும் பெயரானது.

அறுபதுகளின் லண்டன் ஃபேஷன் என்றால் மினி ஸ்கர்ட்டோடு மேரி குவான்ட் பெயர் வரும், பாட்டு என்றால் பீட்டில்ஸ் வரும். இந்தக் கவுனுக்குப் பின்னால் ஃபெலிசிட்டி கிரீன் என்று ஒரு பெண் இருக்கிறார். அவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மிரரின் ஃபேஷன் ஆசிரியர் அவர். வாசகிகளுக்காக ஒரு கவுன் செய்து தாருங்கள் என்று ஹுலானிக்கியிடம் கேட்டவரும், அதைப் பத்திரிகையில் போட்டவரும் அவர்தான். அந்த வருடம் மிரரின் விற்பனை 50 லட்சத்தைத் தொட்டது. அலுவலகம் போகும் பெண்ணும் தொழிற்சாலைப் பெண்ணும் படிக்கும் பத்திரிகை. அப்படிப்பட்ட பத்திரிகையில், கையில் இருக்கும் காசுக்குள் புது நாகரிகத்தை வாங்கலாம் என்று காட்டியது சின்ன விஷயமில்லை. அன்றைய அச்சு கறுப்பு வெள்ளை. பிங்க் என்ற சொல்லை மட்டும் நம்பி இத்தனை பேர் பணம் அனுப்பியிருக்கிறார்கள்! 1973ல் கிரீன் மிரரின் இயக்குநர் குழுவுக்குள் போனார். பிரிட்டனின் தேசிய நாளிதழ் ஒன்றில் அந்த இடத்துக்குப் போன முதல் பெண். குழுவில் இருந்த ஆண் ஒருவருக்குத் தன்னைவிட மிக அதிகச் சம்பளம் என்று பிறகு தெரிந்தது. வேலையை விட்டார். இதைப் படித்த அன்று எனக்கு மெஷினில் உட்காரவே மனம் வரவில்லை.

சரி, துணிக்கு வருகிறேன். பாதி வேலை அங்கேதான்.

கட்டம் சதுரமாக இருக்க வேண்டும். கடையில் எல்லாமே சதுரமாகத்தான் தெரியும். டேப் வைத்துப் பாருங்கள். குறுக்கே 20 கட்டம், நெடுக்கே 20 கட்டம், இரண்டும் ஒரே அளவு வருகிறதா? கால் இன்ச் கட்டத்தில் 20 கட்டம் சரியாக ஐந்து இன்ச் வரவேண்டும். ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கிய துணி குறுக்கே ஐந்தேகால், நெடுக்கே ஐந்து. கேட்டால், "துவைத்தால் சரியாகிவிடும் மேடம்" என்று பதில். எப்படிச் சரியாகும்? பருத்தித் துணி நனைந்தால் பாவு நூல் போகும் நெடுக்கில்தான் அதிகம் சுருங்கும். ஏற்கெனவே குட்டையான கட்டம் இன்னும் குட்டையாகும். அப்படித்தான் ஆனது. அது இப்போது தலையணை உறை.

நெடுக்கில் ஒரு நூல் நீண்ட கட்டமாகப் பார்த்து வாங்குங்கள். நனைத்துக் காயப்போட்டதும் சதுரத்துக்கு வந்துவிடும். நான் கடைசியில் வாங்கியது சென்னையில் மொத்தத் துணி விற்கும் கோடவுன் தெருவில். சில்லறையாகக் கொடுக்கத் தயங்கினார்கள். மூன்று மீட்டர் எடுக்கிறேன் என்றதும் வெட்டினார்கள். பள்ளிச் சீருடைக் கடைகளில் இதே பிங்க் கட்டம் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் பாதிக்கு மேல் பாலியஸ்டர். சுருங்காது, சாயம் போகாது, சரிதான். அயர்ன் போட்டால் மடிப்பு நிற்காது என்பதுதான் தொல்லை. வட்டத்தின் விளிம்புக்கு மடிப்பு நின்றே ஆக வேண்டும். சுத்தப் பருத்தியே எடுங்கள். எடுத்ததும் ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து அயர்ன் செய்து சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். வெள்ளைக் கட்டம் ரோஸாகிப்போனால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

நனைத்து எடுத்த துணி கோணலாகத்தான் காயும். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்து, கட்டம் நேராகும்வரை சரிசெய்த பிறகே மேசையில் விரிக்க வேண்டும்.

பக்கத் தையலில் கட்டம் சேர்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை, நீட்டவில்லை. முன்பக்கம் மார்பு டார்ட் (வடிவத்துக்காகத் துணியை மடித்துத் தைப்பது) இருப்பதால் அக்குளிலிருந்து சேர்த்துக்கொண்டு வந்தால் டார்ட்டுக்குக் கீழே எல்லாம் கலைந்துவிடும். கீழ் ஓரத்திலிருந்து மேலே சேருங்கள். டார்ட்டுக்கு மேலே இருக்கும் இரண்டு இன்ச் கைக்கு அடியில் மறைந்துவிடும்.

இப்போது வட்டம்.

நம்மூரில் பிளவுஸ் தைக்கும் யாரிடம் கேட்டாலும் இது தெரியும். பின்கழுத்தில் வட்டம் விட்டு மேலே ஒரு பட்டன் வைப்பது இங்கே அன்றாட வேலை. ஆனால் பட்டிலோ ஒற்றை நிறப் பருத்தியிலோ வட்டம் ஒரு நூல் இழுத்துக்கொண்டாலும் கண்ணில் படாது. கட்டம் போட்ட துணியில் ஒரு நூல் இழுத்தாலே கோடு வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். வட்டத்தைச் சுற்றி வரும்போது நான்கு இடங்களில் துணி கிராஸில், அதாவது நூலுக்குக் குறுக்குச் சாய்வாக வருகிறது. அந்த நான்கு இடமும் ரப்பர் மாதிரி இழுபடும்.

எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்கும் அக்காவிடம் துண்டுத்துணியைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "முதல்ல வெட்டிட்டு அப்புறம் தைக்கிறியாம்மா? வெட்டுன வட்டம் இழுக்கத்தான் செய்யும். தைச்சு முடி, அப்புறம் வெட்டு" என்றார்.

"உள்பட்டிக்கு இதே துணியை வைக்கலாமாக்கா?"

"வெள்ளைக் கட்டத்துக்குள்ள பிங்க் தெரியாதா? வெள்ளை பாப்ளின் வை."

இந்த இரண்டும்தான் வேலையைத் தூக்கி நிறுத்தின. நான் செய்தது இதுதான்: வெள்ளை பாப்ளினில் விறைப்புக்கு கேன்வாஸ் ஒட்டி உள்பட்டி எடுத்துக்கொண்டேன். வட்டத்தின் மையத்தை ஓர் அடர் பிங்க் கட்டத்தின் நட்டநடுவில் வைத்தேன். விட்டம் நாலேகால் இன்ச் என்றால் கால் இன்ச் கட்டத்தில் சரியாக 17 கட்டம். மையத்துக்கு இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. மேல், கீழ், இடம், வலம் நான்கு முனையும் அடர் பிங்க்கிலேயே முடிகின்றன. விட்டத்தை நாலு இன்ச் என்று வைத்தால் விளிம்பில் பாதிக் கட்டம் நிற்கிறது, பார்க்கவே கண்ணை உறுத்துகிறது. நான்கு முனையிலும் நூலால் அடையாளம் போட்டு, உள்பட்டியை நல்ல பக்கத்தில் வைத்து, கட்டம் கண்ணில் படும்படி கவுன் பக்கத்தை மேலே திருப்பி வைத்துத் தைத்தேன்.

தலை நுழைய வேண்டுமே! அதனால் கழுத்திலிருந்து வட்டம்வரை ஒரு நேர்ப் பிளவு. முதுகின் நடுவில் தையலே வேண்டாம் என்று பின்பக்கத்தை ஒரே துண்டாக வெட்டியிருந்தேன், ஜிப் இடது பக்கத் தையலில். கழுத்தில் ஆரம்பித்து பிளவின் வலப்பக்கம் இறங்கி, வட்டத்தைச் சுற்றி, இடப்பக்கம் ஏறிக் கழுத்தில் முடிவது ஒரே ஓட்டம். தையல் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். வட்டம் வந்ததும் மோட்டாரை மறந்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். இரண்டு மூன்று தையலுக்கு ஒருமுறை ஊசி துணியில் இருக்கும்போதே மெஷினின் அழுத்துகாலைத் தூக்கி, துணியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ள வேண்டும். துணியை இழுக்கவே கூடாது.

தைத்து முடித்த பிறகுதான் கத்தரி. உள்ளே கால் இன்ச் விட்டு வெட்டி, தையல்வரை சின்னச் சின்னதாகக் கத்தரிப்பு. பிளவும் வட்டமும் சந்திக்கும் இரண்டு மூலைகளில் மிச்சத் துணியைத் தையலை ஒட்டிக் கோணலாக வெட்டிவிட வேண்டும். அதிகம் விட்டால் மூலை தடிக்கும், தையலைத் தொட்டுவிட்டால் பிரியும். முன்கூட்டியே அந்த இரண்டு மூலையிலும் இன்னொரு வரி நுண்தையல் போட்டுவிடுங்கள். திருப்பியதும் உள்பட்டியையும் தையல் விளிம்பையும் சேர்த்து உள்பக்கம் ஓர் ஓரத்தையல். உள்பட்டி வெளியே வராமல் பிடித்து வைப்பது அதுதான். அயர்ன் பெட்டியை வைத்து வைத்து எடுங்கள். தேய்த்தால் இத்தனை பாடும் வீண்.

இதைச் செய்யும்போதெல்லாம் எனக்கு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் ஒரு கவுனுக்கும் ஸ்கார்ஃபுக்கும் சேர்த்து இரண்டேகால் மீட்டர் துணி. அதே அளவென்று வைத்தால் 17,000 பேருக்கு 38,000 மீட்டருக்கு மேல். அத்தனை வட்டங்களையும் யாரோ உட்கார்ந்து தைத்து, கத்தரித்து, திருப்பியிருக்கிறார்கள். ஹுலானிக்கிக்காவது புத்தகங்களில் இடம் கிடைத்தது. அந்த மெஷின்களில் உட்கார்ந்தவர்களை நினைக்கும்போதுதான் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

பாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று போன பதிவில் ஒருவர் கேட்டிருந்தார். நேரடித் தொடர்பு. 1963 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ஐடிவி தொலைக்காட்சியில் 'ரெடி ஸ்டெடி கோ!' என்ற பாப் இசை நிகழ்ச்சி தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலை. அதில் பேசியவர் கேத்தி மக்கோவன், நெற்றி மறைய முடி வெட்டிய இளம்பெண். பார்க்கிற பிள்ளைகள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசினார். அவர் பீபா உடை போட்டுக்கொண்டு வருவார். வெள்ளியன்று டிவியில் பார்த்ததைத் தேடி சனிக்கிழமை பெண்கள் கடைக்குப் போவார்கள். 1964 செப்டம்பரில் கென்சிங்டன் அபிங்டன் சாலையில், பழைய மருந்துக்கடை ஒன்றில் திறந்த முதல் கடை அது. உள்ளே அரையிருட்டு, காது நிறையப் பாட்டு, தொப்பி மாட்டும் ஸ்டாண்டுகளில் உடைகள். துணிக்கடையில் சத்தமாகப் பாப் பாட்டு ஓடுவது இன்று நமக்குச் சாதாரணம். அந்தப் பழக்கத்தை வளர்த்த கடைகளில் இது முக்கியமானது.

அதே நிகழ்ச்சியில் யாரைப் பாட அழைப்பது என்பதைப் பார்த்துக்கொண்டவர் விக்கி விக்கம். பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்ப்ரிங்ஃபீல்டின் தோழி. 1965 ஏப்ரலில் மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாடகர்களுக்கென்றே ஒரு முழு நிகழ்ச்சி ஒளிபரப்பானது, தொகுத்து வழங்கியவர் டஸ்டி. கறுப்பினப் பாடகர்களை பிரிட்டனின் வரவேற்பறைகளுக்குக் கொண்டுவந்ததில் இந்த இரண்டு பெண்களின் பங்கு மிகப் பெரியது. 'யூ டோன்ட் ஹேவ் டு சே யூ லவ் மீ' என்ற டஸ்டியின் பாட்டுக்கு ஆங்கில வரிகளை சைமன் நேப்பியர்-பெல்லோடு சேர்ந்து எழுதியவரும் விக்கம்தான், மூலம் இத்தாலியப் பாட்டு. பிற்பாடு அமெரிக்காவில் பட்டி லபெல் குழுவுக்கு மேலாளராகி, ஒரே மாதிரி கவுனும் விக்கும் போட்டுப் பாடிய மூன்று பெண்களின் தோற்றத்தையே மாற்றினார். 1974ல் அவர்களின் 'லேடி மார்மலேட்' பாட்டு வந்தபோது அவர்கள் வெள்ளி மின்னும் விண்வெளி உடைகளில் இருந்தார்கள். விக்கம் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதுகிறேன். ஓர் ஓரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய ஆள் இல்லை அவர்.

இனி பாக்கி. பிளவின் மேலே துணி பட்டனும் லூப்பும் வைக்க வேண்டும். பட்டனின் நடுவில் அடர் பிங்க் கட்டம் வரவேண்டும் என்பது என் பிடிவாதம். பாரிமுனையில் துணி பட்டன் அடித்துத் தரும் ஒருவர் இருக்கிறார், ஆனால் கட்டம் பார்த்து அடிக்க அவருக்குப் பொறுமை இல்லை. கையால் மூடும் பட்டன் கிட் கிடைத்தால் நானே செய்துவிடுவேன். எந்தக் கடையில் கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கீழ் ஓரம் முட்டியளவில், கைத்தையல்தான். மெஷின் வரி கட்டத்தின் மேல் ஓடினால் எனக்குப் பிடிக்காது.

அடுத்ததற்கும் துணி பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பீபாவின் அடையாளமே குறுகிய தோள், அக்குளை ஒட்டி உயர்ந்த கை வளைவு, கையை இறுக்கிப் பிடிக்கும் நீளக் கை. பிரிட்டனின் போர்க்கால உணவு ரேஷனில் வளர்ந்த ஒல்லிப் பெண்களின் உடம்புக்கென்றே ஹுலானிக்கி வரைந்த வெட்டு. அதை என் தோளுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று இப்போதே பேப்பரில் வரைந்துகொண்டிருக்கிறேன். நிறம் பிளம். அந்த மங்கிய ஊதா கலந்த சிவப்பு பருத்தியில் கிடைப்பது கஷ்டம், ஈரோடு சந்தைக்குப் போகும் தோழியிடம் சாம்பிள் துண்டு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கை வளைவை அவ்வளவு உயர்த்தினால் கையைத் தூக்கும்போது கவுனே மேலே ஏறும் என்கிறார் அக்கா. அக்குளில் வைர வடிவத்தில் ஒரு சின்னத் துணித் துண்டு வைத்துப் பார்க்கப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை பழைய பெட்ஷீட்டில் மாதிரி வெட்டுகிறேன், முதலில் இடது கை மட்டும்.