கேன்சல்கார் தின்ற ஒரு நாள்

பனிமேல் ஏறும் சங்கிலிச் சக்கர வண்டியான ஸ்னோகேட்டில் மலையேறிப் பனிச்சறுக்கு விளையாடக் கனடாவின் நெல்சன் ஊருக்குப் போய்த் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. தொடைவலி போய்விட்டது. ஒரு நாள் காசு வீணான எரிச்சல்தான் இன்னும் போகவில்லை.

ஹெலிகாப்டரில் ஏறிப் போய்ச் சறுக்குவது எங்கள் கைக்கு எட்டாது என்பது முதலிலேயே தெரிந்ததுதான். தவிர, மேகம் இறங்கிவிட்டால் ஹெலிகாப்டர் எழும்பாது. ஸ்னோகேட் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். மலை மேல் லாட்ஜில் தங்கும் பயணங்களும் விலை அதிகம். ஆகவே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கூட்னி பகுதியில், நெல்சன் ஊரில் தங்கிக் காலையில் போய் மாலையில் திரும்பும் ஸ்னோகேட் பயணம் ஒன்றைப் பிடித்தோம். நாளுக்கு 575 டாலர், மூன்று நாள். இருந்ததிலேயே மலிவு என்று நண்பரும் நானும் பாதிப் பணத்தை உடனே கட்டிவிட்டோம். திரும்பக் கிடைக்காத முன்பணம்.

தொலைபேசியில் பேசிய பெண்ணிடம், பவுடருக்கு, அதாவது மிதிபடாத பொடிப்பனிக்கு, ஏற்ற அகல ஸ்கீ (சறுக்குப் பலகை) உண்டா என்று கேட்டேன். "தேவையானதெல்லாம் கொடுப்போம்" என்றார். அங்கே போனபின்தான் தெரிந்தது, அந்த 'எல்லாம்' என்பது பனிச்சரிவில் சிக்கினால் தேடும் டிரான்ஸீவர், மண்வெட்டி, துழாவும் கம்பி ஆகிய மூன்று மட்டுமே என்று. ஸ்கீக்கு நாளுக்கு 70 டாலர் வாடகை. அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி, வழிகாட்டிகளுக்குக் குறைந்தது 10 சதவீத டிப்ஸ். 1,725 டாலர் என்று நினைத்தது, அறை வாடகை சேராமலே தலைக்கு 2,200ஐத் தொட்டது. எதெல்லாம் விலையில் அடங்கும் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

அப்புறம் விமானம். நெல்சனுக்குப் பக்கத்தில் உள்ள காசில்கார் விமான நிலையம் மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருக்கிறது. குளிர்காலத்தில் மேகம் தாழ்ந்தால் தரையிறங்க முடியாது. உள்ளூர்க்காரர்கள் அதைக் 'கேன்சல்கார்' என்றே கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு அது காசில்லாக்கார். நிலையத்தின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு விமானம் கால்கரிக்கே திரும்பியது. வானிலைதான் காரணம் என்பதால் நஷ்டஈடும் கிடையாது. மறுநாள் விடியுமுன் வாடகைக் கார் எடுத்து 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினோம். குளிர்கால டயர் இருக்கிறதா என்று பார்த்தே வாங்கினோம்; அந்த மலைச்சாலைகளில் அது கட்டாயம். அப்படியும் கூட்னி கணவாயில், பனிச்சரிவைத் தாங்களே வெடிவைத்து இறக்குவதற்காகச் சாலையை மூடிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் வண்டிக்குள் சிப்ஸ் தின்றோம். முதல் நாள் போயே போயிற்று. பயணம் நடத்துபவர்களின் அலுவலகத்தில் "வராதவர் கணக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

மலையைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் நாங்கள் தவறவில்லை. ஒரு பருவத்துக்கு இத்தனை மீட்டர் பனி விழும் என்று எல்லா விளம்பரமும் சொல்லும். அதை விட்டுவிட்டு, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, மரக்காடு எவ்வளவு என்று கேட்டோம். வடக்குச் சரிவில் வெயில் படாததால் பவுடர் நாள்கணக்கில் கெடாமல் கிடக்கும். தெற்குச் சரிவில் மார்ச் வெயில் பட்டால் மேலே ஓடு கட்டிவிடும். பனி கொட்டும் நாளில் திறந்த வெளியில் மேடு பள்ளம் எதுவும் தெரியாது. மரங்கள் இருந்தால்தான் கண்ணுக்குப் பிடிப்பு. நாங்கள் போனது ஜனவரிக் கடைசி. முழங்கால் வரை பவுடர், சத்தமே இல்லை.

இன்னொன்றும் கேட்டிருக்க வேண்டும்: கூட வருபவர்கள் யார்? வண்டியில் 12 பேர், முன்னும் பின்னும் ஒவ்வொரு வழிகாட்டி. கடைசி ஆள் வந்து சேரும்வரை வண்டி நகராது. முதல் இரண்டு இறக்கத்தில் அந்தக் கடைசி ஆள் நான்தான். முந்தின நாளே வயிட்வாட்டர் பனிச்சறுக்கு மையத்தில் லிஃப்ட் டிக்கெட் வாங்கிக் கால்களைப் பழக்கியிருக்கலாம், சாலையில் கிடக்காமல் இருந்திருந்தால்.

கடைசி நாள் மாலை, அலுவலகத்தை விட்டுவிட்டு வழிகாட்டியிடமே பேச்சுக் கொடுத்தேன். மறுநாள் வண்டியில் இரண்டு இடம் காலியாம், யாரோ முட்டியைத் திருகிக்கொண்டார்களாம். அவரே உள்ளே போய்ப் பேசி, பாதி விலைக்கு வாங்கிக் கொடுத்தார். அன்று கடைசி ஆள் நண்பர்.