காமன் கூத்து கசெட்: ரதி புலம்பல் பாதியில் நின்ற கதை

ஹற்றனில் இந்த வாரம் முழுக்க மழை. வெளியே தலைகாட்ட முடியவில்லை, அதனால் மாமா பதிந்து வைத்திருந்த, மன்மதன் எரிந்த கதையை ஆடிப்பாடும் காமன் கூத்து கசெட்டுகளை எம்பி3 ஆக்கும் வேலையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கம் 45 நிமிடம், வேவ் கோப்பாக எடுத்தால் 475 எம்பி அளவுக்கு வருகிறது, ஒவ்வொன்றாகக் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்று பைத்தனில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அதிலிருந்தே ஒலிக்கோப்புகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் நிரலை ஓடவிட்டேன்.

முதலில் போட்டது, பைத்தனிலிருந்து வேறொரு நிரலை ஓட்டும் பி-ஓப்பன் கட்டளை. அது நிரலைக் கிளப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும், முடிந்ததா என்று பார்க்காது. என் அடுத்த வரியோ, எம்பி3யைப் பென் டிரைவில் நகலெடுப்பது! மாமாவிடம் கொண்டுபோய்ப் போட்டால் சிவன் நெற்றிக்கண் திறந்து மன்மதன் எரிந்த இடத்தோடு பாட்டு நின்றுவிட்டது. "என்னடா, ரதி இன்னும் அழவே இல்லையே" என்றார். எனக்கு மனசே கேட்கவில்லை.

அதை ரன் என்ற கட்டளையாக மாற்றினேன். அது வேலை முடியும்வரை நகராது. கூடவே செக் என்பதற்கு ட்ரூ கொடுத்தால், திரும்பி வரும் எண் 0 இல்லாதபோது அங்கேயே பிழை காட்டி நிறுத்திவிடும், அரைகுறைக் கோப்பு நகலாகாது.

சரி, அப்புறம் பாட்டுகளைத் தனித்தனியாகப் பிரிக்க எஃப்எஃப்எம்பெக்கிலேயே இருக்கும் சைலன்ஸ்டிடெக்ட். அது மௌனமான இடங்களை ஸ்டாண்டர்ட் எரரில் (நிரல்கள் செய்திகளை எழுதும் தனி வழி) எழுதும், அதைப் பிடிக்க மறுபடியும் பி-ஓப்பன், எழுதியதை ஸ்கிரிப்டுக்குக் கொண்டுவர ஒரு பைப், நிரல் முடியும்வரை காத்திருக்கக் கடைசியில் வெயிட். 5 நிமிடத் துண்டில் நன்றாக ஓடியது, முழுப் பக்கத்தைக் கொடுத்ததும் அசையாமல் நின்றது. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். லினக்ஸில் பைப் வழக்கமாக 64 கேபிதான் கொள்ளும். அது நிறைந்ததும் எஃப்எஃப்எம்பெக் எழுத இடமில்லாமல் நிற்கிறது, அது முடியட்டும் என்று ஸ்கிரிப்டும் நிற்கிறது. மௌனம் என்று எடுத்துக்கொள்ளும் குறைந்தபட்ச இடைவெளியை 0.1 வினாடி என்று வைத்திருந்ததால் தப்பு மேளத்தின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவிலிருந்த மௌனமெல்லாம் வரிவரியாக வந்து குவிந்திருக்கிறது.

வெயிட்டுக்குப் பதில் கம்யூனிகேட் போட்டேன், அது வாசித்துக்கொண்டே காத்திருக்கும். இடைவெளியை 3 வினாடி ஆக்கினேன், பாட்டுகள் ஒழுங்காகப் பிரிந்தன.

நேற்று ராத்திரி மாமா ரதி புலம்பலை முழுசாகக் கேட்டார். மிச்சம் 9 கசெட், ஒன்றில் நாடா சுருண்டு கிடக்கிறது, பென்சில் விட்டு மெதுவாகச் சுற்றி எடுக்க வேண்டும்.