பணம் வந்துடுச்சாம்மா?

ஜனவரி பிறந்துவிட்டால் என் வேலை நேரத்தில் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே போய்விடும். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் பதினோரு வருடம் ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் பார்த்தேன். செக்‌ஷன் என்றால் நான், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பீரோ. அவ்வளவுதான்.

முக்கால்வாசி வேலை ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைதான், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு அரசு தருவது. அந்தத் திட்டம் 1944ல் தொடங்கியது, வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் கேட்டு வாங்கியது என்பதெல்லாம் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் 1913ல் கொலம்பியா போய்ப் படித்தவர் அவர். பணம் எந்த மாதத்தில் கைக்கு வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் கல்லூரியில் ஃபீஸ் கட்ட ஜூன் கடைசி வரைதான் கெடு. உதவித்தொகை வருவது பிப்ரவரி, மார்ச். சில வருடம் அதற்கும் பிறகு. நடுவில் உள்ள மாதங்களை யார் தாங்குவது என்று எந்த அரசாணையிலும் நான் படித்ததில்லை. தாங்கியது பெரும்பாலும் அம்மாக்களின் தோடும், மகளிர் குழு லோனும்.

முன்பெல்லாம் ஃபீஸ் தொகை கல்லூரிக் கணக்குக்கு வரும். லேட்டானால் நிர்வாகம் முணுமுணுக்கும். பிள்ளைகள் பாட்டுக்குப் படிப்பார்கள். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான திட்டத்தில் 60:40 பங்கீட்டைக் கொண்டுவந்தது. மாநிலம் தன் 40 பங்கைப் போட்ட பிறகு, மத்திய அரசின் 60 பங்கு நேரே மாணவர் கணக்குக்குப் போகும். இடையில் யாரும் கை வைக்க முடியாது என்பதால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றிலிருந்து நான் கடன் வசூலிக்கிறவன் ஆகிவிட்டேன்.

பி.காம். இரண்டாம் வருடம் படித்த ஒரு பெண். போர்ட்டலில் பணம் செலுத்தப்பட்டதாகக் காட்டுகிறது. பாஸ்புக்கை நீட்டுகிறாள், அதில் ஒரு வரி இல்லை. எனக்கு விஷயம் புரிய இரண்டு நாள் ஆனது. அவள் எங்களிடம் கொடுத்த அக்கவுண்ட் நம்பரைப் பார்த்துப் பணம் போவதில்லை. ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கே போகிறது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளியில் ஆரம்பித்துக் கொடுத்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு ஒன்று, பாட்டி ஊர்க் கிளையில், வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. பணம் அதில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. எடுப்பதற்கு மூன்று தடவை பஸ் ஏறினாள். முதல் தடவை மேனேஜர் லீவு. இரண்டாம் தடவை போட்டோ பழசு என்றார்கள்.

மூன்றாம் தடவை பணம் வந்தது, ஆனால் முழுசாக எங்களிடம் வரவில்லை. "குழுவுக்குக் கட்டிட்டோம் சார். ஜூன்ல வாங்கினது. செவ்வாக்கிழமையானா வீட்டு வாசல்ல வந்து உக்காந்துடறாங்க." இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

நிர்வாகத்துக்கு ஒரே பதில்தான்: பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. ரப்பர் பேண்ட் போட்ட ஹால் டிக்கெட் கட்டு என் டிராயரில் இருந்தது. பத்து மணிக்குப் பரீட்சை, ஒன்பதே முக்கால் வரை அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். அவர்கள் துறைத்தலைவி வந்து "நான் பொறுப்பு" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எடுத்துக் கொடுத்தேன். சொன்னதைத்தான் செய்தேன். ஆனால் அந்தக் கட்டு என் டிராயரில் இருந்தது, வேறு யாருடையதிலும் இல்லை.

அந்த மே மாதம் நாங்கள் ஒன்பது பேர் ஆளுக்கு மாதம் 500 ரூபாய் போட ஆரம்பித்தோம். தானம் இல்லை, கைமாற்று. பரீட்சை ஃபீஸ், பஸ் பாஸ், சான்றிதழுக்கு அலைகிற செலவு. இருளர் பையன் ஒருவன் ஜாதிச் சான்றிதழுக்காக வருவாய்க் கோட்டாட்சியரின் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஏழு தடவை போனான். ஆதிதிராவிடர் சான்றிதழைத் தாசில்தாரே கொடுத்துவிடுவார், பழங்குடிக்கு மட்டும் ஆர்.டி.ஓ. விசாரணை. ஒவ்வொரு தடவையும் அவன் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு.

ஆண்டு விழாவில் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு அட்டையில் பெரிய செக் கொடுத்துப் போட்டோ எடுக்க ஊரில் பணக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்களில் இரண்டு பேரிடம் எங்கள் கைமாற்று நோட்டைக் காட்டினேன். நவம்பரில் 1,200 ரூபாய் பரீட்சை ஃபீஸ் கட்டுவதில் போட்டோ எடுக்க ஒன்றும் இல்லை. டீ கொடுத்து அனுப்பினார்கள்.

பணம் பெரும்பாலும் திரும்பி வந்தது. உதவித்தொகை ஏறிய வாரமே வந்து கொடுத்தவர்கள் உண்டு. திரும்பியவர்கள் பெயருக்கு நேரே பச்சை மையில் டிக்.

நான் கிளம்பிய அன்று, எனக்குப் பதில் வந்த பெண்ணிடம் பீரோ சாவியோடு அந்த நோட்டையும் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நாலு பேருக்கு டிக் இல்லையே சார், போன் பண்ணட்டுமா?" என்றாள்.

வேண்டாம்மா என்றேன்.

"அப்ப கணக்கு எப்படி சார் டேலி ஆகும்?"

என் பர்ஸில் இருந்ததை எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேருக்குத்தான் வந்தது.