டிபன் பாக்ஸில் சாய்ந்த போன்

மதியம் ஸ்டாஃப் ரூமில் சீனியர் டீச்சர், டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சீரியல் என்று நினைத்தேன். திக்‌ஷா என்ற அரசின் ஆன்லைன் கல்வித் தளத்தில் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு!

பக்கத்தில் ஒரு நோட்டு. "4.12 – க்யூஆர் கோடு ஸ்கேன் செய்வது" என்று நிமிடம், நொடி போட்டுச் சிவப்பு மையில் குறிப்பு.

"நேரமெல்லாம் எதுக்கு டீச்சர்?"

"மறந்துட்டா நேரா அங்கேயே போகலாம்ல."

2018-இல் நம் புதிய பாடநூல்களில் அந்த க்யூஆர் கோடு கட்டம் வந்தது. 2020 கொரோனாவில் நிஷ்தா என்ற அரசின் ஆசிரியர் பயிற்சியும் ஆன்லைனுக்கு வந்தது, இலவசமாக. நானோ வீடியோவை ஓடவிட்டுத் துணி மடித்தே சான்றிதழ் வாங்கியவள்.

நேரடிப் பயிற்சியில் "புரியலை" என்று கை தூக்கக் கூச்சப்பட்டவர்கள் எத்தனை பேர்! போனிடம் பத்துத் தடவை கேட்கலாம். முகம் சுளிக்காது.

மணி அடித்தது. டீச்சர் "6.40" என்று குறித்துவிட்டு எழுந்தார்.