இடைவெளிகளைப் படிப்பது

இளைஞர்களின் கஞ்சாப் பழக்கத்தைப் பற்றி விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் "புகைக்கிறாரா, இல்லையா" என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். போதைப் பழக்க ஆய்வுகளுக்காகச் சில ஆண்டுகள் நேர்காணல் எடுத்த பிறகு, அந்தக் கேள்வியின் மீது எனக்கு இருந்த மதிப்பு போய்விட்டது. மாதம் ஒருமுறை நண்பர்களோடு புகைப்பவரும், காலையில் புகைக்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாதவரும் அதற்கு "ஆம்" என்ற ஒரே விடையைத்தான் தருவார்கள்.

நாங்கள் கையாண்டது, லிண்டா சோபெல், மார்க் சோபெல் என்ற உளவியலாளர்கள் இருவரும் மதுப் பழக்கத்தை அளப்பதற்காக உருவாக்கி, பின்னர் மற்றப் போதைப் பொருள்களுக்கும் விரிந்த நாட்காட்டி முறை. கடந்த 90 நாள்களை மேசைமேல் விரித்து, தேர்வு, பயணம், பிறந்தநாள், சம்பள நாள் என நினைவில் நிற்பவற்றை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றைப் பிடிமானமாக வைத்து மற்ற நாள்களை ஒவ்வொன்றாக நிரப்புவோம். "வாரத்துக்கு இரண்டு தடவைதான்" என்று தொடங்கியவர், பாதி நாட்காட்டி நிரம்பியதும் பேச்சைக் குறைத்துக்கொண்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு உண்மையாக இருந்த கணக்கையே இன்னமும் தன் கணக்காக நினைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத்திலேயே இத்தனை நகர்வு என்றால், பத்து இருபது ஆண்டுகளில் எத்தனை இருக்கும்? அதைக் காட்டுபவை, ஒரே மனிதர்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும் நெடுங்கால ஆய்வுகள். நியூசிலாந்தின் டனீடினில் 1972–73இல் பிறந்த 1,037 பேரையும், கிரைஸ்ட்சர்ச்சில் 1977இல் பிறந்த 1,265 பேரையும் குழந்தைப் பருவத்திலிருந்து பின்தொடர்ந்த ஆய்வுகள் இவ்வகையில் புகழ்பெற்றவை. இத்தகைய தரவுகளில் திரும்பத் திரும்பத் தென்படுவது ஒரே பாதை அல்ல. பலர் சிலமுறை முயன்று விட்டுவிடுகிறார்கள். பலருக்கு இருபதுகளின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு, வேலை, திருமணம், குழந்தை என்று பொறுப்புகள் கூடக் கூடப் பழக்கம் வடிகிறது. பதின்பருவத்திலேயே தொடங்கி வடியாமல் நீளும் ஒரு சிறு குழுவினர்தான் பாதிப்பின் பெரும்பகுதியைச் சுமக்கிறார்கள். தானாகவே வடிந்துவிடும் என்று காத்திருக்கும் பெற்றோருக்கு முதல் இரண்டு குழுக்கள் ஆறுதல் தரலாம். ஆனால் பதினேழு வயதில் ஒருவர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது.

அந்தப் பழைய பாதைகள் இன்றைக்கும் பொருந்துமா என்ற ஐயம் எனக்கு உண்டு. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில், போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சியின் சராசரி அளவு 1995இல் ஏறத்தாழ 4 சதவீதமாக இருந்து 2014இல் 12 சதவீதமளவுக்கு உயர்ந்தது. அதே நாட்டில் தினமும் அல்லது ஏறக்குறைய தினமும் கஞ்சா பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 1992இல் 10 இலட்சத்துக்கும் குறைவு. 2022இல் 1 கோடியே 77 இலட்சம். அந்த ஆண்டில் அதே அளவுக்கு அடிக்கடி மது அருந்துவோரின் எண்ணிக்கையை அது தாண்டிவிட்டது. டனீடின் தலைமுறை இளமையில் புகைத்ததும் இன்றைய இளைஞர் புகைப்பதும் பெயரளவில்தான் ஒன்று.

புகையிலையைத் தனியாகக் கேட்காவிட்டால் கணக்கு இன்னொரு வகையிலும் பிசகும். இரண்டையும் கலந்து சுருட்டுபவர் கஞ்சாவைக் குறைத்த மாதத்தில் சிகரெட்டை அதிகமாக்கியிருப்பார். கஞ்சாவை மட்டும் குறித்த நாட்காட்டி அதை வெற்றி என்று காட்டும்.

நாட்காட்டியில் நான் அதிகம் கவனித்தது வெற்று நாள்களைத்தான். மூன்று நாள், நான்கு நாள் இடைவெளி, பிறகு மறுபடி தொடர்ச்சி. ஏன் என்று கேட்டால் "தூக்கமே வரவில்லை", "எல்லோர் மேலும் எரிச்சல்" என்பார்கள். நாள்தோறும் புகைத்தவர் நிறுத்தினால் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை ஆகியவை முதல் வாரத்தில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு இதனைத் தனி நிலையாக 2013இல்தான் ஏற்றது. அதனால் அந்த நான்கு நாள் இடைவெளியைக் கட்டுப்பாட்டின் அடையாளமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. சிரமம் மிகக் கடுமையாக இருக்கும் நாளில்தான் அவர் திரும்பியிருக்கிறார். எனவே நேர்காணலின் முடிவில், கடந்த ஓராண்டில் தொடர்ச்சியாகப் புகைக்காமல் இருந்த மிக நீண்ட காலம் எது, அப்போது இரவுகள் எப்படிக் கழிந்தன என்று கேட்கத் தொடங்கினேன்.