பூ மருந்து

ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்கு வருகிற பையன்தானே என்று நினைத்து, "என்னடா, வளர்ந்துட்ட" என்றேன். அவன் சிரிக்கவில்லை. பின்னால் வந்த அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

சென்னையில் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பதினோரு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோயோடு வந்தவன் அவன். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். வகை. இரண்டரை வருஷ சிகிச்சையை முடித்து, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். மருந்து நிறுத்தி ஒரு வருஷம் கழித்து, இப்போது ஒன்பது வயதில், மறுபடியும்.

"சிஸ்டர், அவன்கிட்ட சொல்லிடாதீங்க. ரத்தம் கம்மியா இருக்குன்னு சொல்லி வச்சிருக்கோம்" என்றார் அம்மா. சரி என்றேன். அந்த 'சரி'யை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

அன்று இரவு டெம்பரேச்சர் பார்க்கப் போனேன். விழித்துக்கொண்டுதான் இருந்தான்.

"அக்கா, எனக்கு பிளாஸ்ட் வந்துடுச்சா?"

பிளாஸ்ட் என்று அவன் சொன்னது ரத்தப் புற்றுநோய்ச் செல்லை. கவுண்ட், பிளேட்லெட், பிளாஸ்ட் எல்லாம் எங்கள் வார்டுக் குழந்தைகளுக்குப் பள்ளிப் பாடம் மாதிரி. "இல்லடா, சும்மா டெஸ்டுதான்" என்றேன்.

"அப்ப எதுக்கு நாளைக்கு போன் மேரோ எடுக்கறாங்க?"

நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க எலும்பு மஜ்ஜையை எடுத்துச் செய்கிற சோதனை அது. என்னிடம் பதில் இல்லை. அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் பெற்றோரிடம் பேசினார். மருந்து நிறுத்தி இத்தனை மாதம் கழித்துத் திரும்பியிருப்பது, சிகிச்சை நடக்கும்போதே திரும்புவதைவிட நல்லது, குணமாக வாய்ப்பு அதிகம் என்றார். முதலில் கொடுக்கும் மருந்துக்கு நோய் எவ்வளவு அடங்குகிறது என்று பார்த்துத்தான் எலும்பு மஜ்ஜை மாற்றம் தேவையா என்று முடிவு செய்வார்கள். அப்புறம் பையனின் கட்டிலில் உட்கார்ந்து, ஒளிக்காமல் அவனிடமும் சொன்னார்.

அவன் அழவில்லை. கொஞ்ச நேரம் போர்வை நூலைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்: "பெசன்ட் நகர் பீச்சுல பானிபூரி சாப்பிட்டேனே, அதனாலயா?"

முதல் சிகிச்சையின்போது வெளிச்சாப்பாடே கூடாது என்று நாங்கள்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தோம். எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்போது கிருமித் தொற்று வராமல் இருக்கச் சொன்னது அது. காய்ச்சல் வந்த நாளிலிருந்து, தான் செய்த தப்பால்தான் நோய் வந்தது என்று அந்தப் பிள்ளை மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறான். அம்மா உடைந்து அழுதார். பானிபூரி வாங்கிக் கொடுத்தவர் அவர். அவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல்.

"சாப்பாட்டால இது வராது. முன்னாடி கொடுத்த மருந்துக்குத் தப்பிச்ச சில செல் ஒளிஞ்சிருந்து வளர்ந்துடுச்சு. நீயும் காரணம் இல்ல, அம்மாவும் காரணம் இல்ல" என்றார் டாக்டர். அவன் அம்மாவைப் பார்த்து, "கேட்டியாம்மா?" என்றான்.

சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று மறைப்பது அன்பினால்தான், தெரியும். நானும் அப்படித்தான் மறைத்தேன். ஆனால் மறுபடியும் வருகிற பிள்ளைக்கு இந்த வார்டு புதிதில்லை. எந்த நரம்பு நன்றாகக் கிடைக்கும் என்று கையைத் திருப்பிக் காட்டுகிற பிள்ளையிடம் எதை மறைப்பது?

இந்த முறையும் வின்கிறிஸ்டினில்தான் ஆரம்பம். மதில் ஓரமெல்லாம் பூத்துக் கிடக்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கிற மருந்து. ரத்தக் குழாயில் மட்டுமே ஏற்ற வேண்டும், தவறி முதுகுத் தண்டில் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து பெயரும் நம்பரும் சரிபார்த்த பிறகுதான் தொடுவோம். போன முறை, இது பூ மருந்து என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.

நான் பையைத் தொங்கவிட்டபோது பக்கத்துக் கட்டிலில், முந்தின நாள் சேர்ந்த குட்டிப் பையன் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். "இது பூ மருந்துடா. தாடை வலிக்கும், கக்கா சரியா வராது. அப்புறம் சரியாயிடும்" என்று இவன் அவனுக்குச் சொன்னான். பிறகு, நான் கேட்பதற்கு முன்பே கையில் கட்டியிருந்த பட்டையை என் பக்கம் நீட்டித் தன் முழுப் பெயரையும் சொன்னான்.